குலுக்கக் கூடாத மருந்து

கம்பெனியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: குலுக்காதே அக்கா. முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஊசி மருந்தைக் குப்பியில் அடைத்துச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். உயிருள்ள செல்களை வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்துச் செய்கிற மருந்து. குலுக்கினால் நுரைக்கும், லேசில் அடங்காது, மருந்தும் கெட்டுவிடும். புதிதாகச் சேர்கிறவர்கள் அதை இருமல் மருந்து மாதிரி குலுக்கிப் பார்ப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திட்டித் தீர்த்துவிட்டு, சாயங்காலம் என் அக்காவின் கணவரான அத்தானிடம் போனில் அந்தக் கதையைச் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார். அக்காவுக்கோ என் கம்பெனிக் கதை என்றாலே கொட்டாவி வரும்.

அத்தானுக்குக் கொஞ்ச காலமாகத் தசைகள் தளர்ந்துகொண்டே வருகின்றன. எங்கள் மருந்து அந்த நோய்க்குத்தான். ஆஸ்பத்திரி மூலம் அந்த மருந்தின் பரிசோதனையில் சேர்ந்தார். நான் கம்பெனியில் உண்மையைச் சொன்னேன். அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் பெட்டிகளின் பக்கமே வராதே என்றார்கள். நியாயம்தான். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். குப்பியும் லேபிளும் ஒன்றே. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. வருஷக் கடைசியில் எல்லாருக்கும் அசல் மருந்து கிடைக்கும். நடுவில் விட்டுப் போனவருக்கு அதுவும் கிடையாது.

அத்தானுக்கு ஊசி என்றால் சிம்ம சொப்பனம். "தண்ணின்னு மட்டும் தெரிஞ்சுது, அன்னிக்கே நிறுத்திடுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அத்தான். கையில் ஊன்றுகோல் இல்லை.

"பாத்தியாடி உன் மருந்த!" என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் புரதத்தை நானே சுரந்து கொடுத்த மாதிரி ஒரு பெருமை வேறு.

வாரா வாரம் ஊசி போடுவது அக்காதான். சமையலறையில் ஃப்ரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்தாள். லேபிளில் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது. அக்கா என்றைக்கு லேபிளைப் படித்தாள்? படபடவென்று குலுக்கினாள்.

"ஐயோ அக்கா!"

குப்பியில் எழுந்த குமிழிகள் அவள் கையை இறக்குவதற்குள் உடைந்து போயின. நுரையே இல்லை. உப்புத் தண்ணீர்.

நம்பிக்கையிலேயே சிலருக்கு உடம்பு தேறும் என்று படித்திருக்கிறேன். ஆனால் படிப்பது வேறு, அத்தான் கதவைத் திறப்பது வேறு. நான் வாயைத் திறந்தால் அந்த நடையும் போகும், வருஷக் கடைசி மருந்தும் போகும்.

"ஏண்டி கத்தின? குலுக்கக்கூடாதா? நான் எப்பவும் இப்படித்தானே போடறேன். அப்போ இத்தன நாளும் கெடுத்தா குடுத்தேன்?" அக்கா அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளைத் தேற்றுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"ஒண்ணும் கெடலக்கா. குலுக்கலாம். தாராளமா குலுக்கலாம்."

திரும்பினால், என் கத்தலைக் கேட்டு எழுந்து வந்த அத்தான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் திட்டுக் கதைகளையெல்லாம் கேட்டுச் சிரித்தவர் அவர். எங்கள் குப்பியைப் பார்த்து நான் குலுக்கலாம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அவர் சிரிக்கவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊசியில் மருந்தை ஏற்றினாள். "கேட்டீங்களா, ஒண்ணும் கெடலயாம்" என்றாள்.

அத்தான் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டையைத் தூக்கினார்.

"போடு. நாளைக்குத் தெருமுனை வரைக்கும் நடந்து பாக்கலாம்."