நஃபீசாவின் மூன்றாவது நேர்காணல்

நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் ஏழு பேர் முன்னால் நஃபீசா அமர்ந்தபோது, நடுவிலிருந்தவர் அவளுடைய எழுத்துத் தேர்வுத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குப்புற வைத்தார். அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். போன இரண்டு முறையும் அப்படித்தான்.

எங்கள் பள்ளத்தாக்கு ஊரின் நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடமாக அவள்தான் எழுத்தர், மொழிபெயர்ப்பாளரும் அவள்தான். கூண்டில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் அவளைப் போல உஸ்பெக்குகள். மேலே அமர்ந்து தீர்ப்புச் சொல்பவர்கள் எல்லோரும் நாட்டின் பெரும்பான்மையினரான கிர்கிஸ்கள். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அஞ்சல் வழியில் அவள் சட்டம் படித்தது இதை மாற்றத்தான்.

"உங்க ஆளுங்க கூண்டுல வந்து நின்னா நடுநிலையா இருக்க முடியுமாம்மா?" என்றார் அவர். குரலில் பகை ஏதும் இல்லை. மருத்துவமனையில் வயதைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"இதை மத்தவங்ககிட்டயும் கேட்டீங்களாய்யா?"

ஒருவர் தேநீர்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். நடுவிலிருந்தவர் அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். ஊருக்குத் திரும்பும் வழியில் கணவன் தொலைபேசியில் விசாரித்தபோது, "நல்லாத்தான் பதில் சொன்னேன். அதான் வினையாப் போச்சு" என்றாள்.

இரண்டு மாதத்தில் தலாந்த் என்ற கிர்கிஸ் இளைஞர் புது நீதிபதியாக வந்தார். முப்பத்திரண்டு வயது, தேர்வில் அவளைவிடப் பதினொரு மதிப்பெண் குறைவு. "அக்கா, நீங்கதான் எனக்கு எல்லாம் சொல்லித் தரணும்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அவரை வெறுக்க முடிந்திருந்தால் அவளுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அந்த வாரமே ஒரு சந்தைச் சண்டை வழக்கு. அடித்தவர்கள் கிர்கிஸ், உஸ்பெக் இரண்டு பக்கமும் இருந்தார்கள். கூண்டில் நின்றது நஃபீசாவின் தெருக்காரி ருஸ்வோனின் மகன் மட்டும். சாட்சி சொல்லி முடித்த தாய், நீதிபதியை விட்டுவிட்டு நஃபீசாவின் பக்கம் திரும்பி உஸ்பெக்கில் கேட்டாள்: "நீ மேல உக்காருவேன்னு தெருவே நம்பியிருந்துச்சே மகளே. ஏன் இன்னும் கீழயே இருக்க?"

"என்னக்கா சொல்றாங்க?" என்றார் தலாந்த்.

கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பதாகச் சத்தியம் செய்தவள் அவள். ஒரு சொல்லும் விடாமல் கிர்கிஸ் மொழியில் சொன்னாள். அவருடைய காது மடல்கள் சிவந்தன.

"இது பதிவுல வேண்டாம்க்கா," என்றார் மெல்ல. "வழக்குக்குச் சம்பந்தமில்ல."

நஃபீசா விசைப்பலகையிலிருந்து விரல்களை எடுத்தாள். சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்தபடி ருஸ்வோன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், நீதிபதி சொன்னது உஸ்பெக்கில் வரட்டும் என்று.