முருகேசுவின் இறைப்பு மிசின்

உரும்பிராயில் முருகேசுவைப் போல வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்ட கமக்காரர் கிடையாது. வானம் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் கிணற்றடிக் கொட்டிலுக்குள் போய், கதவைச் சாத்தி, இறைப்பு மிசினை ஓடவிடுவார். ஊர் சிரித்தது. ஊருக்குச் சிரிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன?

விஷயம் இதுதான். ஜேர்மனிக்கென்று வெளிக்கிட்ட மூத்த மகன் சோமசேகரத்திடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஆண்பிள்ளை அழுதால் எங்கள் ஊர் கதைக்கும். கதைக்கத் தொடங்கினால் பேரப்பிள்ளை காலம்வரை கதைக்கும். அதனால் முருகேசு மிசினை முடுக்கிவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இருந்து அழுதார். முடிந்ததும் மிசினை நிறுத்தி, முகத்தைக் கழுவி, சாப்பிட வந்து, கறிக்கு உப்புக் காணாது என்று மனைவி குணலட்சுமியை ஏசுவார்.

தொண்ணூறில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மண்ணெண்ணெய் வரவிடாமல் அரசாங்கம் தடைபோட்டது. மற்றவர்களுக்கு விளக்கும் இறைப்பும் நின்றன. முருகேசுவுக்கு அழுகை நின்றது. துலாவில் இறைத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்; அதற்குள் ஒரு விம்மலைக்கூட ஒளிக்க முடியாது. நித்திரை போயிற்று. பசி போயிற்று. கடைசியில் ஏச்சும் போனது. குணலட்சுமி வேண்டுமென்றே உப்புப் போடாமல் கறி வைத்துப் பார்த்தாள். மனிதர் இரண்டு வாய் தின்றுவிட்டுப் பேசாமல் எழும்பிப் போனார். அன்றைக்குத்தான் அவள் உண்மையாகவே பயந்தாள்.

முருகேசுவின் வீட்டு வளவில்தான் குருநகரிலிருந்து ஷெல்லடிக்குத் தப்பி ஓடிவந்த மீனவர் சிமியோனும் மனைவி மக்டலீனும் ஒதுங்கியிருந்தார்கள். புகையிலை கொழும்புக்குப் போக வழியில்லாததால் நடாமல் விட்டு, வெறுமையாகக் கிடந்த புகையிலைக் கொட்டிலை, அகதிகளின் பூசைக்கென்று முருகேசு கொடுத்திருந்தார். சனிக்கிழமைகளில் மாதா கோயில் சுவாமியார் சைக்கிளில் வருவார். மூலையில் ஒரு கதிரை, அதன் முன்னால் தென்னோலையில் பின்னிய ஒரு கிடுகுத் தட்டி, தட்டியில் ஓர் ஓட்டை. அந்தப் பக்கம் சுவாமியார் இருப்பார், இந்தப் பக்கம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர் முழந்தாளில் இருப்பார். முருகேசு இதைப் பல கிழமையாகக் கவனித்து வந்தார்.

"சிமியோன், உதுக்குள்ளை போய் என்ன செய்யிறனீர்?"

"மனசிலை கிடக்கிறதைச் சொல்லுறது, அண்ணை."

"சாமி வெளியிலை சொல்லிப்போடாரோ?"

"கழுத்தை வெட்டினாலும் சொல்லார்."

கேட்டதை வெளியே சொல்லாத ஒருவர், அதுவும் யாழ்ப்பாணத்தில்! முருகேசுவுக்கு அதை நம்பவே சில நாள் பிடித்தது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் சுவாமியார் இன்னும் வந்துசேரவில்லை. ஆடு இழுத்துத் தின்ற தட்டியைச் சிமியோன் சுவாமியாரின் கதிரையில் இருந்தபடி வலைநூலால் கட்டிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் யாரோ வந்து சப்பணம் கட்டி இருக்கும் அசுமாத்தம் கேட்டது. ஓட்டையால் பார்த்தார். முருகேசு. சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, முன்னால் ஒரு தட்டத்தில் வெற்றிலை, வாழைப்பழம், கற்பூரம் எல்லாம் வைத்திருந்தார்.

"பேர் முருகேசு. நட்சத்திரம் கேட்டை" என்றார், அர்ச்சனைக்குச் சொல்வது போல.

சிமியோன் சிரிப்பை அடக்க வலைநூலைக் கடித்துக்கொண்டார்.

"பாவம் பெரிசா ஒண்டுமில்லை, சாமி. கவலைதான் கிடக்குது. கவலையும் எடுப்பியளோ?"

சிமியோனின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கடலில் நேவிக்காரன் சுட்டுச் செத்துப்போன தம்பி கிறகோரியைப் பற்றி அவர் அந்த ஓட்டைக்குள் ஒரு சொல் சொன்னதில்லை. கவலை பாவமில்லையே, அதை எப்படிச் சொல்வது என்று நினைத்து, கிழமைக்குக் கிழமை மக்டலீனோடு பிடித்த சண்டையையே சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

எழும்பி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்தான். சொன்னால் இந்த மனிதர் இனிச் சாகும்வரை வாய் திறக்கமாட்டார். சுவாமியாரின் கதிரையில் இருந்து கேட்டாலோ நரகம் நிச்சயம். ஆனால் நரகம் தூரத்தில் இருந்தது, முருகேசு பக்கத்தில் இருந்தார்.

"ம்" என்றார் சிமியோன்.

"என்ரை மூத்தவன் இருக்கிறானோ இல்லையோ தெரியேல்லை, சாமி. இருக்கிறான் எண்டு நினைக்கவும் பயம், இல்லையெண்டு அழவும் பயம். முந்தி மிசினைப் போட்டிட்டு, அந்தச் சத்தத்துக்கை அழுவன். இப்ப எண்ணெய் இல்லை. நெஞ்சு அடைச்சுப்போய்க் கிடக்குது."

அத்துடன் குரல் உடைந்தது. முருகேசு சட்டென்று வாயைப் பொத்தினார். குசினி பக்கத்தில்தான் இருந்தது, பெண்கள் இருவரும் அங்கே சமைத்துக்கொண்டிருந்தார்கள். பொத்திய கைக்குள் அவருக்கு மூச்சுத் திணறியது. சிமியோனுக்குப் பொறுக்கவில்லை. வேறொன்றும் தோன்றாமல் வாயைத் திறந்தார்.

"டுக்கு டுக்கு டுக்கு டுக்கு!"

முருகேசு திகைத்துப்போனார். சிமியோன் விடவில்லை, கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்கச் சத்தத்தைக் கூட்டினார். அந்தச் சத்தத்துக்குள் முருகேசு கையை எடுத்து, வாய்விட்டு, ஆசைதீர அழுதார்.

குசினியில் மக்டலீன் அகப்பையும் கையுமாக எழும்பினாள்.

"குணமக்கா, மண்ணெண்ணெய் வந்திட்டுதோ?"

குணலட்சுமி அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள்.

கொட்டிலுக்குள் அழுகை ஓய்ந்தது. முருகேசு சால்வையில் மூக்கைத் துடைத்துவிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தார்.

"சிமியோன், உது இறைப்பு மிசினே இல்லை. உம்மடை வள்ளத்தின்ரை மிசின்."

"அண்ணை, கோவியாதையுங்கோ. நான் தட்டி கட்ட வந்தனான்..."

"அது கிடக்கட்டும். எழும்பி இஞ்சாலை வாரும். கிறகோரியைப் பற்றி நீர் ஒரு நாளும் கதைக்கேல்லை."

கொஞ்ச நேரத்தில் மிசின் மறுபடி தொடங்கியது. இந்த முறை அச்சொட்டான இறைப்பு மிசின். முதலில் இருமி, பிறகு பிடித்து, ஒரே சீராக ஓடியது. அதற்கு அடியில் இன்னொருவர் அழுகிற சத்தம்.

"இவைக்கென்ன விசரே? நான் போய்ப் பாக்கிறன்" என்று மக்டலீன் வாசலுக்குப் போனாள்.

குணலட்சுமி அவள் கையைப் பிடித்து இருத்தினாள். "போகாதை பிள்ளை. கொட்டுற மழைக்குள்ளையும் தண்ணி இறைச்ச மனிசன். ஏனெண்டு எனக்குத் தெரியாதே? ஓடட்டும்."

பொழுதுபட முருகேசு வந்து சாப்பிட இருந்தார். ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஏனப்பா, கறிக்கு உப்புப் போடுறதெண்டதையே மறந்துபோனியோ?"

குணலட்சுமி மிசின் ஒன்றும் இல்லாமலே அழுதாள்.