விபூதிப் புதனில் எடுத்த படங்கள்

"உமக்கு இதில விருப்பமோ?" என்று டிலுக்சன் கேட்டபோது ஜெசிக்கா பாங்கொக்கில் ஒரு புத்தர் கோயில் வாசலில், கையில் தாமரை மொட்டோடு கமராவைப் பார்த்து நின்றாள். படத்துக்கு வடிவாக இருக்கும் என்று அப்பா வாங்கிக் கொடுத்த மொட்டு அது. பதில் சொல்ல அவள் வாயெடுக்கவும், "வாயை மூடிச் சிரி பிள்ளை" என்று அப்பா சத்தம் போட்டார். படம் எடுபட்டது. பதில் அப்படியே விடுபட்டுப் போனது.

அவளிடம் அதற்கு முன் யாரும் விருப்பம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. மெல்பேணில் பள்ளிக்கூடத்தை அவள் பாதியில் விட்டதே வாய் திறக்க முடியாமல்தான். ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பேசவேண்டிய நாட்களில் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறையில் இருந்தாள். பிறகு அந்த நாட்களில் மட்டும் போகாமல் விட்டாள். பிறகு ஒரு நாளும் போகவில்லை. அப்பா பொனிபஸ் அதற்காக அவளை ஏசவில்லை. அவர் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலையை எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். பின்னேரங்களில் கூட ஒரு ஆள் தேவைப்பட்டது. மெல்பேணின் ரோவில் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து தினமும் நாலரைக்கு அவருடைய வானில் ஏறிப் போய், ஆட்கள் போன பிறகு அவர்களுடைய மேசைகளைத் துடைப்பது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. மேசைகள் கேள்வி கேட்பதில்லை.

டிலுக்சன் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா யோகாவின் மகன். மன்னாரில் ஐஸ் கம்பனி ஒன்றில் கணக்கெழுதுகிறவன். பெரியவர்கள் கலியாணத்தைப் பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் பொனிபஸ் ஊருக்குப் போகமாட்டார். யுத்த காலத்தில் ஓடி வந்தவர். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏதோ ஒரு புத்தகத்தில் தன் பெயர் இன்னும் கிடக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அப்படிப்பட்ட குடும்பங்கள் பெண் பார்க்கவும் தாயைப் பார்க்கவும் இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு ஊரைப் பிடித்துக்கொள்வார்கள். சிலருக்கு அது திருச்சி, சிலருக்குக் கோலாலம்பூர். இவர்களுக்குப் பாங்கொக் வாய்த்தது.

புறப்படுமுன் மெல்பேணின் டண்டினோங் பகுதியில் விசா அலுவல் பார்க்கிற ஒருவர் பொனிபஸுக்கு விளக்கம் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு விசா கேட்பதென்றால் இரண்டு பேரும் நேரில் சந்தித்துப் பழகியதற்குப் படங்கள் வேண்டும். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு உடுப்பில் எடுத்ததாக இருந்தால் நல்லது. அவர் சொன்னதில் உடுப்பு மட்டும் பொனிபஸின் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது. வாடகை வானை ஒரே நாளுக்குப் பிடித்து, ஐந்து நாள் படங்களையும் அன்றைக்கே எடுத்துவிட்டால் மிச்ச நாட்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார்.

அந்த நாள் புதன்கிழமை. அதுவும் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன். முதலில் பூசை, பிறகுதான் மற்றதெல்லாம் என்று அம்மா பிலோமினம்மா ஒரே பிடியாக நின்றார். ஆற்றங்கரையில் போர்த்துக்கேயர் காலத்துக் குடிமனைகளுக்குள் ஒரு தேவாலயம் இருந்தது. தாய்லாந்துப் பாஷையில் பூசை நடந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எங்கே முழந்தாளிடுவது, எங்கே எழும்புவது என்பதில் ஒருவரும் பிழைவிடவில்லை. முடிவில் குருவானவர் கட்டைவிரலால் சாம்பலை அழுத்தி ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை போட்டார். வெளியே வந்ததும் அம்மா எல்லாரையும் நிறுத்திச் சொன்னார்: "ஒருத்தரும் நெத்தியில கை வைக்கப்படாது. வேர்வையில போனா அது ஆண்டவற்ற சித்தம். கையால துடைச்சா எங்கட பாவம்."

வேர்வை ஆறாக ஓடியது. சாம்பல் போகவில்லை. அதில் எண்ணெய் குழைத்திருப்பார்கள் போல.

அரச மாளிகையில் நீலச் சட்டை. படுத்திருக்கும் புத்தருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை. பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரத்தின் அடியில் கட்டம் போட்ட சட்டை. டிலுக்சன் வான் கதவுக்குப் பின்னால் சாரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு உடுப்பு மாற்றினான். ஜெசிக்கா கழிவறைகளைத் தேடி ஓடினாள். பொனிபஸ் தூரத்தில் நின்று நெறிப்படுத்தினார். கிட்ட நிற்கச் சொல்வார். நின்றால், அவ்வளவு கிட்ட வேண்டாம் என்பார். யோகா மாமி வெயிலில் விசிறிக்கொண்டு, தன் பிள்ளை பிறந்த நாளிலிருந்து இத்தனை உடுப்பு மாற்றியதில்லை என்று சிரித்தார்.

"மாமா, இது எந்தக் கிழமை எண்டு முதலே சொல்லுங்கோ. அதுக்கேத்த மாதிரி முகத்தை வைக்கிறன்" என்றான் டிலுக்சன்.

"வெள்ளி. கொஞ்சம் களைச்ச மாதிரி நில்லும்."

"அதுக்கு நடிக்கத் தேவையில்லை."

ஜெசிக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் படத்தில் மட்டும் அவள் உண்மையாகச் சிரித்திருக்கிறாள். ஐந்து பேருடைய நெற்றியிலும் கறுப்புச் சிலுவை இருந்தது. எல்லாரிடமும் இருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மற்ற நாட்கள் வேறு மாதிரிப் போயின. தன் வேலை முடிந்தது என்று அப்பா குளிர் அறையில் படுத்துக்கொண்டார். அம்மாவும் மாமியும் துணிச் சந்தைக்குப் போனார்கள். பேசி முடித்த பிள்ளைகள்தானே, பொழுது படமுன் வந்துவிடுங்கள் என்று இரண்டு பேரையும் வெளியே விட்டார்கள். இனி ஒரு படமும் வேண்டாம் என்று ஜெசிக்கா சொன்னாள். புதன்கிழமை எடுத்ததே இந்தப் பிறவிக்குக் காணும் என்று டிலுக்சன் தன் போனை ஹோட்டல் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தான்.

அவசரம் இல்லாமல் நடந்தார்கள். பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்களில் வாசனை பிடித்துப் போனார்கள். ஒரு முடுக்கில் பூக்களை மலைமலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு தெரு முழுக்க விற்பதற்கு வைத்த பெரிய புத்தர்கள், மஞ்சள் பொலித்தீனால் சுற்றிக் கட்டப்பட்டு, வெளிக்கிட ஆயத்தமான பயணிகள் மாதிரி வரிசையில் இருந்தார்கள். பூங்காக் குளத்திலிருந்து உடும்பைப் போன்ற ஒரு பெரிய கபரகொய்யா ஏறி வந்து, ஓடுகிற வெள்ளைக்காரரைச் சட்டை செய்யாமல் பாதையைக் கடந்தது.

"ஊரில உதுக்குக் கல்லெறி விழும். இஞ்ச பாரும், பிரதேச சபைத் தவிசாளர் மாதிரிப் போறார்" என்றான்.

அவன் தன் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாததைச் சொன்னான். அதற்குப் பிறகு தாய் தன்னைக் கரையில் கால் நனைக்கவும் விட்டதில்லை என்றான். அவள் வகுப்பில் எழுந்து நிற்க முடியாமல் போனதைச் சொன்னாள். அதை வீட்டில்கூட அவள் முழுதாகச் சொன்னதில்லை. அவன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கழிவறையில் யன்னல் இருந்ததா என்று மட்டும் கேட்டான். இருந்தது என்றாள். அப்படியென்றால் பரவாயில்லை என்றான்.

சனிக்கிழமை ஆற்றுப் படகில் போனார்கள். மரத்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள் தண்ணீரைப் பார்த்தபடி, "முதல் நாள் கேட்டனீங்கள் எல்லோ... ஓம்" என்றாள்.

"எதுக்கு ஓம்? நான் கனக்கக் கேட்டனான்."

"எல்லாத்துக்கும்."

ரோவிலுக்குத் திரும்பிய பிறகு படங்களுக்குக் கீழே புதன், வியாழன், வெள்ளி என்று ஞாயிறுவரை திகதி போட்டுப் பொனிபஸ் விசா விண்ணப்பத்தோடு அனுப்பிவைத்தார். டிலுக்சன் தினமும் மன்னாரிலிருந்து போன் எடுப்பான். அவள் வேலைக்குப் போகிற வானில் இருந்தபடி மெல்லப் பேசுவாள். அப்பா றேடியோவைக் கூட்டிவைத்துக் கேளாதது மாதிரி ஓட்டுவார். விசா எப்படியும் வரும் என்ற நம்பிக்கையில் டிலுக்சன் ஐஸ் கம்பனி வேலையை விட்டுவிட்டான். யோகா மாமி சாறிக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

வந்தது விசா இல்லை, ஒரு கேள்வி. ஐந்து வெவ்வேறு நாட்களில் எடுத்ததாகச் சொல்லும் படங்கள் எல்லாவற்றிலும், இரண்டு பேரின் நெற்றியிலும் ஒரே அடையாளம், ஒரே வடிவத்தில் இருக்கிறது. இதற்கு விளக்கம் தேவை. அடுத்த கிழமை ஒரு அதிகாரி ஜெசிக்காவுடன் போனில் பேசுவார்.

பொனிபஸ் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பிலோமினம்மா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிள்ளைகளின் நெற்றிகளை அவர்கள் அன்றைக்குத்தான் கண்டார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் அவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். எங்கள் ஆட்கள் இந்தச் சாம்பலை ஒரு கிழமைக்கு அழிக்கமாட்டார்கள், அது எங்கள் வழக்கம் என்று ஜெசிக்கா சொல்லவேண்டும். வெள்ளைக்காரனுக்கு மன்னார் வழக்கம் தெரியவா போகிறது. பாங்கொக்கில் ஒருவரையும் நெற்றியில் கைவைக்க விடாமல் தடுத்த பிலோமினம்மா கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"சாம்பலை வைச்சுப் பொய் சொல்லாதேங்கோ. மற்றதெல்லாம் சொன்னனீங்கள், நான் வாய் திறக்கேல்லை."

"அப்ப உம்மட வாயாலதான் இது வந்தது. துடைக்க விட்டிருந்தா எல்லாம் சரியா நடந்திருக்கும்" என்றார் அவர். பிலோமினம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

டிலுக்சனும் போனில் அந்த வழியைத்தான் சொன்னான். அவனுடைய குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. "மாமா சொல்லுறதைச் சொல்லும் ஜெசி. ஒரு வசனம்தானே. எனக்கு இஞ்ச இப்ப வேலையும் இல்லை." அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுடைய மௌனத்தை எல்லாரும் எப்போதும் போலச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அழைப்பு வந்தபோது மத்தியானம். அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்தார். போன் எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் ஸ்பீக்கரில் வைக்கப்பட்டிருந்தது. அதிகாரி ஒரு பெண். மரியாதையாகப் பேசினார். நெற்றியில் இருந்த அடையாளம் என்ன என்று கேட்டார். ஜெசிக்கா சாம்பல் என்றாள், அது எதற்கு என்றும் சொன்னாள். அது எத்தனை நாள் இருக்கும் என்று அடுத்ததாகக் கேட்டார்.

அப்பா கைவிரல்களை விரித்து ஏழு காட்டினார்.

ஜெசிக்கா அந்த விரல்களைப் பார்த்தாள். அந்த ஒரு வசனம் நாக்கில் ஆயத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் வியாழனும் வெள்ளியும் சனியும் நெற்றியில் சாம்பலோடு, அப்பா சொன்ன இடத்தில், அப்பா சொன்ன தூரத்தில் நின்ற நாட்களாகிவிடும். அந்த நாட்களைக் கொடுக்க அவளால் முடியவில்லை.

ஒரு நாள்தான் என்றாள். படங்கள் எல்லாம் புதன்கிழமை எடுத்தவை, உடுப்பு மாற்றி மாற்றி எடுத்தவை. திகதிகள் பொய். ஆனால் நாங்கள் பொய் இல்லை என்றாள். பிறகு நிறுத்த முடியாமல் பேசினாள். பூத் தெருவை, மஞ்சள் பொலித்தீன் சுற்றிய புத்தர்களை, பாதையைக் கடந்த கபரகொய்யாவை, படகில் தான் சொன்னதை, எல்லாவற்றையும். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அந்த வீடு கேட்டதில்லை. குசினியில் தண்ணீர்க் குழாய் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அந்த மூன்று நாட்களில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்றார்.

"இல்லை."

படகுச் சீட்டு, சாப்பாட்டுக் கடை ரசீது?

"இல்லை."

உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று அந்தப் பெண் சொன்னார். அது மனதிலிருந்து வந்தது போலத்தான் இருந்தது.

விசா மறுக்கப்பட்டது. பொய்யான தகவல் கொடுத்ததால் மூன்று வருடத்துக்கு டிலுக்சன் மறுபடி கேட்கவும் முடியாது. அவன் கடைசியாக ஒருநாள் போன் எடுத்தான். "நீர் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்" என்றான். தான் சொன்னதும் அவனுக்காகத்தான் என்று விளக்க அவளுக்குச் சொற்கள் அகப்படவில்லை. தேடி முடிக்குமுன் அவன் வைத்துவிட்டான்.

பொனிபஸ் அவளோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். வாளி. துணி. மேல் மாடி. சொந்தக்காரர் போனில் விசாரித்தால், "என்ர மகள் பிறந்ததில இருந்து ஒருக்கால்தான் வாய் திறந்தவள். அது காணும்" என்பார். அவள் பக்கத்தில் இருக்கும்போதுதான் அதைச் சொல்வார்.

குளிர்காலம் பிடித்தபோது யோகா மாமி அப்பாவைக் கூப்பிட்டார். டிலுக்சனுக்கு மன்னாருக்குப் பக்கத்துப் பேசாலையில் ஒரு பெண் சரிவந்திருக்கிறது. மூன்று வருடம் காத்திருக்கத் தன் உடம்பில் பலம் இல்லை, தம்பி குறை நினைக்கவேண்டாம் என்றார். பொனிபஸ் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று சொன்னார். வைத்த பிறகு போன் உறையின் மூடியை வெகுநேரம் திறந்து திறந்து மூடினார். பிலோமினம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அது ஆறும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலரைக்கு ஜெசிக்கா வேலை உடுப்போடு வெளியே வந்தாள். ஒரு கையில் தூசி உறிஞ்சும் மெசின், மறு கையில் துணிகள் நிரம்பிய வாளி. தூறிக்கொண்டிருந்தது. அப்பா ஏற்கெனவே வானில் ஏறி எஞ்சினை முடுக்கியிருந்தார். அவள் பின்கதவுப் பக்கம் போய், பூட்டைத் திறப்பார் என்று நின்றாள். வானின் பக்கக் கண்ணாடியில் அவருடைய கண்கள் தெரிந்தன. அவை அவளைப் பார்த்தன, வாளியைப் பார்த்தன.

வான் பின்னோக்கி மெல்ல இறங்கி அவளைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தது. ஒரு கார் போகட்டும் என்று நின்றது. பிறகு அவர் யன்னல் கண்ணாடியைக்கூட இறக்காமல் தனியாகப் போனார்.