ஆண்டாயி தோட்டத்து நுனி இலை

அரியலூருக்குக் கிழக்கே இருந்த சிமெண்டு ஆலையின் புகைபோக்கி, 1984 சித்திரையில் ஒரு நாள் விரதம் இருந்தது. தூசியைப் பார்க்க மெட்ராஸிலிருந்து அதிகாரி வருகிறார். மேனேஜர் ராசாங்கம் சூளையை நிறுத்தினார். சாலையெல்லாம் தண்ணீர் தெளித்தார். லாரிகளை விடியற்காலையிலேயே பாடாலூருக்கு அனுப்பி ஒளித்துவைத்தார்.

ஆலைச் சுவரை ஒட்டி ஆண்டாயிக்கு அரை ஏக்கர் வாழை. பஸ் ஸ்டாண்டு ஓட்டல்களுக்கு இலை போட்டுத்தான் பிழைப்பு. தூசி படிந்த இலை வேண்டாமென்று இரண்டு ஓட்டல்கள் நிறுத்திவிட்டன. மூன்றாவது ஓட்டல், ஆடி வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தது. அவள் போட்ட ஏழு மனுவுக்கும், தூசி என்ற ஒன்றே கிடையாது என ராசாங்கம் அழகான இங்கிலீஷில் பதில் எழுதியிருந்தார்.

விருந்தினர் விடுதியில் பதினாறு வகைப் பதார்த்தம் தயார். திருச்சியிலிருந்து இலை ஏற்றிவர வேண்டிய லாரியும் பாடாலூரில்தான் ஒளிந்திருக்கிறது என்பது பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது. சமையல்காரர் பழனிவேல் சைக்கிளில் பறந்தார்.

"ஆண்டாயக்கா, ஆபீசருக்கு நுனி இலையா பத்து அறுத்துக் குடு. சீக்கிரம்!"

"இரு தம்பி, கழுவித் தரேன்... ஆமா, எதுக்குக் கழுவணும்? அதான் தூசியே இல்லன்னு ஒங்க மேனேசரு எழுதிக் குடுத்துருக்காரே."

"வெளயாடாதக்கா! தண்ணி தெளிச்சுத் தொடச்சுக்குவாங்க, குடு."

அதிகாரி வைரக்கண்ணு இலை முன் அமர்ந்தார். "இவ்வளவு சுத்தமான ஆலைய நான் பார்த்ததே இல்ல," என்றபடி தண்ணீர் தெளித்துக் கையால் வழித்தார். உள்ளங்கையில் சாம்பல் நிறக் கூழ். மறுபடி தெளித்தார். கூழ் இன்னும் வந்தது.

"எந்தத் தோட்டத்து இலைய்யா இது?"

"நம்ம ஆலைக்குப் பக்கத்துல, ஆண்டாயக்கா தோட்டத்துதாங்க சார்," என்றார் பழனிவேல் பெருமையாக. "இப்பத்தான் அறுத்தது."

ராசாங்கம் சாம்பார் வாளியை உற்றுப் பார்த்தார்.

புகைபோக்கிக்குத் தூசி வடிகட்டும் இயந்திரம் வைக்க வேண்டும் என்று உத்தரவானது. "அது வர்ற வரைக்கும் மேனேஜர் அந்தம்மா இலையிலதான் சாப்பிடணும்," என்றார் வைரக்கண்ணு.

"சட்டத்துல அப்படி இல்லீங்களே சார்?"

"சட்டத்துல இல்ல. சமையல்காரர்கிட்ட சொல்லியிருக்கேன்."

இரண்டு வருஷம் ஆகும் என்றிருந்த இயந்திரம், ராசாங்கம் தினம் ஒரு தந்தி அடித்ததில், ஆடி பிறக்குமுன் வந்து சேர்ந்தது. மூன்றாவது ஓட்டல் இலையை நிறுத்தவில்லை.

அது ஓடத் தொடங்கிய சில நாளில் ஆண்டாயியே விடுதிக்கு வந்து இலை போட்டாள். "இன்னிக்கித் தொடைக்க வேணாங்க, சும்மா சாப்புடுங்க."

பழக்கதோஷம். ராசாங்கம் தெளித்து வழித்து, உள்ளங்கையை ரகசியமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.