ஆறாம் நம்பர் மெஷின்

...இல்லை, அந்தப் பெரியவர் அவளை ஜூலி என்று கூப்பிட்டதில் தப்பொன்றும் இல்லை, ஜூலியட் என்று முழுசாகத்தான் கூப்பிட வேண்டும் என்று என்ன இருக்கிறது, ஆனாலும் அவள் அப்பா அம்மா கூட அப்படிக் கூப்பிட்டு சகாயராஜ் கேட்டதில்லை, கட்டிக்கொண்ட அவனுக்கே அப்படிக் கூப்பிடத் தோன்றியதில்லை, இவர் மட்டும் துருப்பிடித்த கேட்டுக்குப் பின்னால் நின்றபடி, "அட, நம்ம ஜூலி புள்ளையா, வா வா" என்கிறார், அவளும் ஓடுகிறாள்... மீரா சாகிப்பாம், நூல் மில் ஓடிய காலத்தில் மெஷின் ரிப்பேர் பார்த்தவராம், இப்போது வாட்ச்மேன். போன வாரம் அவன் தனியாக வந்து, தஞ்சாவூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், போட்டிக்கு நாலு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று கெஞ்சியபோது, "மொதலாளி உத்தரவு இல்லீங்க" என்று தாழ்ப்பாளைக்கூடத் தொடவில்லை. வீட்டில் வந்து புலம்பியபோதுதான் அவள் சொன்னாள், அது நான் வேலை பார்த்த மில்லுங்க, நானும் வரேன். மில்லுக்குப் போன பெண் என்று தெரியும், பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள், எந்த மில் என்று அவன் கேட்டானா... கேட்ட ஞாபகம் இல்லை.

ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, கேமரா சும்மா கிடக்கிறது, அதனால்தான் இந்தப் போட்டி ஆசை. உள்ளே வந்ததும் ஆசை சரிதான் என்று பட்டது, உடைந்த கூரை வழியாக வெயில் தரைவரை இறங்கியிருந்தது, மூலைகளில் இன்னமும் பழுத்த பஞ்சு, உத்தரத்தில் புறாக்கள், மெஷின்களை எப்போதோ விற்றுவிட்டிருந்தார்கள், போல்ட் இருந்த ஓட்டைகளும் எண்ணெய்க் கறையும்தான் மிச்சம். அவன் ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருந்தான், அவள் ஹாலின் மறுகோடிக்குப் போய் நின்று, ரெண்டு விரலை நெற்றிக்கு மேலே தூக்கிச் சுழற்றிக் காட்டினாள், வாசலில் நின்ற மீரா சாகிப் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார், ரெண்டு பேரும் சிரித்தார்கள். என்ன அது? "ஒண்ணுமில்லங்க, மெஷின் சத்தத்துல பேசினா கேக்காது, கையாலதான் பேசிக்குவோம்." சரி, என்ன சொன்னாய்? "அதைச் சொன்னா உங்களுக்குப் புரியாது." புரியாதாம்... வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள், குழம்பில் உப்பு போதுமா என்பதைக்கூடக் கண்ணால் கேட்கிறவள், இங்கே கையால் என்னென்ன பேசியிருப்பாள், யாரோடு? கிழவரோடு மட்டுமா? மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றது யார்?

படம் எடுக்க வந்தவன் தூண் தூணாகப் பார்த்துக்கொண்டு நடந்தான், வெயிலைப் பார்ப்பதுபோல, ஆனால் பார்த்தது சுண்ணாம்பில் கீறியிருந்த பெயர்களை. இதோ, ஜூலி, பக்கத்திலேயே அறிவுமதி, ரெண்டையும் சுற்றி ஒரு வட்டம். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அறிவுமதி யாரு?" என்றான். "திருப்பனந்தாள் பொண்ணுங்க, மில் ஹாஸ்டல்ல ஒரே ரூமு. அவ கல்யாணத்துக்குக்கூட நம்ம போகலையே." நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, அந்த வட்டம் இன்னும் பெரிதாகத்தான் தெரிந்தது, அதற்குள் அவன் இல்லை...

அப்போதுதான் அது நடந்தது. "இங்கதாங்க, ஆறாம் நம்பர்" என்று ஒரு கறைக்குப் பக்கத்தில் போய் நின்றாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், இல்லாத நூலைக் கையில் பிடித்து, அறுந்த முனையைக் கட்டைவிரலால் ஒரு உருட்டு, ஒட்டிவிட்டு அடுத்தது, அதற்கடுத்தது, கால்கள் தாமாக நகர்ந்தன, முகம் நிமிர்ந்து ஒளிர்ந்தது. எத்தனை ஊர்ப் பெண்களைச் சிரிக்க வைத்திருக்கிறான், நாகப்பட்டினத்தில் அழுதுகொண்டிருந்த மணப்பெண்ணையே சிரிக்க வைத்தவன், இவளை மட்டும் ஒரு படத்திலும் இயல்பாக நிறுத்த முடிந்ததில்லை, கேமராவைப் பார்த்தாலே பாஸ்போர்ட் போட்டோவாகிவிடுவாள். இப்போது அவன் அழுத்திக்கொண்டே இருந்தான், அவள் கவனிக்கவே இல்லை. தாங்காமல் கேட்டான், "யாரை நினைச்சுக்கிட்டு நிக்கிற? இங்க யாராவது இருந்தாங்களா?" அவள் கையை நிறுத்தாமல் யோசித்தாள். "யாருமில்லையே. நான்தான் இருந்தேன்."

ஒருத்தன் இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. ஊர் பேர் கேட்கலாம், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், பிறகு பெரிய மனது பண்ணி மன்னிக்கலாம். நான்தான் இருந்தேன் என்கிற இந்தப் பெண்ணை என்ன செய்வது... திரையில் பார்த்தான், அவன் எடுத்ததிலேயே நல்ல படம், சந்தேகமில்லை, அனுப்பினால் பரிசு, ஆனால் அனுப்புவதற்கு முன் அவளிடம் காட்ட வேண்டுமே, காட்டினால், இது நானா என்பாள், அப்புறம் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், அடுப்படியில் நிற்கும்போதும்... "படம் நல்லா வந்திருக்குங்களா?" என்று அங்கிருந்தே கேட்டாள், தோளெல்லாம் வெயில். "இல்ல, வெளிச்சம் பத்தல" என்றான். அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள், முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து உதறிச் சரி செய்துகொண்டாள். போட்டிக்காரர்கள் பார்ப்பதில் அவனுக்கு ஒன்றுமில்லை, ஊரே பார்க்கட்டும், அவள் பார்த்துவிடக் கூடாது... ஏன், எதற்காக? விரல் அழிக்கிற பட்டனின்மேல் இருந்தது, அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.