தகப்பன் பெயரில் இருந்த கொப்பி

கணினி நின்றபோது மணி பத்து நாற்பது. ஆஸ்பத்திரிப் பதிவறைப் பொறுப்பாளர் கீர்த்திகா அதை முதலில் பெரிதாக எடுக்கவில்லை. புது முறை வந்த மூன்று மாதத்தில் இது நான்காவது தடவை. ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடும்.

இந்த முறை வரவில்லை.

"சேர்வர் விழுந்திட்டுதாம், மிஸ். கொழும்பில இருந்துதான் எழுப்ப வேணுமாம்," என்றபடி உள்ளே வந்தார் பதிவறைச் சிற்றூழியர் சீவரத்தினம். "எழும்புமட்டும் எங்களுக்கு லீவுதான்."

"உங்களுக்கு எப்பதான் லீவு இல்லை, அண்ணை? களஞ்சியக் கதவுத் திறப்பை எடுங்கோ. இனித்தான் எங்களுக்கு வேலை."

சொல்லி வாய் மூடவில்லை, தொலைபேசி அடித்தது. நான்காம் வாட்டிலிருந்து டொக்டர் ஜெயசுதன்.

"பேர் பிரகாஸ் கத்தரீனா. வயசு முப்பத்தொண்டு, குருநகர். மீன் பிரிக்கேக்க காலில கெழுத்தி முள்ளுக் குத்தி, நாலு நாளாய்ப் பேசாமல் இருந்திருக்கிறா. இப்ப கிருமி இரத்தத்தில ஏறிட்டுது. ஆள் கதைக்கிற நிலையில இல்லை. புருசன் கடலில, தொழிலுக்குப் போட்டார். கூட வந்த மச்சாளுக்குப் பழைய நோய் வருத்தம் ஒண்டும் தெரியாது. பென்சிலின் போட வேணும். ஒவ்வாமை ஏதும் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

"பாக்கிறன், டொக்டர்."

"தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ. வேறை மருந்து எடுப்பிக்கலாம். கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான்."

களஞ்சியம் என்பது பழைய எக்ஸ்ரே அறை. அதற்குள், ஒவ்வொருவரின் நோயும் மருந்தும் எழுதிய பன்னிரண்டாயிரம் கிளினிக் கொப்பிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. முன்பெல்லாம் அவை நோயாளிகளின் கையில்தான் இருந்தன. பொலித்தீன் பைக்குள் சுற்றி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருப்பார்கள். இடப்பெயர்வில் உடுபுடவையைக் கைவிட்டு ஓடியவர்கள்கூடக் கொப்பியை விடவில்லை. கணினி வந்ததும் அத்தனையையும் வாங்கி வைத்தது ஆஸ்பத்திரி. 'இனிமேல் கிளினிக் கொப்பி கொண்டுவரத் தேவையில்லை' என்ற அறிவித்தலை எழுதி வாசலில் ஒட்டியவள் கீர்த்திகாதான்.

'ப' வரிசையில் மூன்றாவது கட்டுக்குள் அது அகப்பட்டது. பிரகாஸ் கத்தரீனா, குருநகர். நான்கு வருடத்துக் கொப்பி. ஒரு பிள்ளைப்பேறு, இரண்டு காய்ச்சல், ஒரு பல்வலி. கீர்த்திகா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒவ்வாமை பற்றி ஒரு சொல் இல்லை.

பதினொன்று பதினைந்துக்கு வாட்டுக்கு எடுத்துச் சொன்னாள்.

"கொப்பி முழுக்கப் பாத்திட்டன், டொக்டர். அவவுக்கு ஒவ்வாமை ஒண்டும் இல்லை."

"நல்லது. தாங்ஸ்."

கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கவுண்டருக்குத் திரும்பினாள். அங்கே வரிசை நீண்டுகொண்டிருந்தது. எல்லோருக்கும் கையால் துண்டு எழுத வேண்டும். ஏழெட்டுப் பேருக்கு எழுதியிருப்பாள். வியர்த்து ஒழுக ஒரு மனிதர் வரிசையை விலக்கிக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்தார். சாரத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"பிள்ளை, என்ரை மகளை எந்த வாட்டில வைச்சிருக்கினம்? அடைக்கலநாதன் கத்தரீனா."

"அடைக்கலநாதன் எண்டு ஒருதரும்..." என்று தொடங்கியவளின் பேனை நின்றது.

"எந்த ஊர், ஐயா?"

"குருநகர். காலில முள்ளுக் குத்தினது."

கீர்த்திகாவின் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கஜீபன் கீர்த்திகா' என்று இருந்தது. கலியாணத்துக்கு முன்பு அவள் பஞ்சலிங்கம் கீர்த்திகா. தகப்பன் பெயர் கழன்று புருசன் பெயர் ஏறுவது இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் நடப்பதுதான். நான்கு வருடத்துக் கொப்பியைப் பார்த்தபோது, அதற்கு முந்திய இருபத்தேழு வருடம் எங்கே என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

களஞ்சியத்துக்கு ஓடினாள். 'அ' வரிசை. கட்டைப் பிரித்துக் கீழே கொட்டினாள். மங்கிய நீல அட்டை, மெழுகு படிந்த பொலித்தீன் பை. முதல் பக்கத்திலேயே சிவப்புப் பேனையால், இரண்டு தரம் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: பென்சிலின் கொடுக்கக் கூடாது. ஒன்பது வயதில் மூச்சு நின்று தப்பிய பிள்ளை.

வாட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. கீர்த்திகா செருப்பையும் விட்டுவிட்டு ஓடினாள்.

நான்காம் வாட்டில் ஒரு கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அதற்குக் கீழே ஆறேழு சோடிக் கால்கள் தெரிந்தன. நெஞ்சை அமுக்கும் கணக்கை ஜெயசுதனின் குரல் எண்ணிக்கொண்டிருந்தது. மச்சாள்காரி சுவரோடு நின்று செபமாலையை உருட்டினாள். கீர்த்திகா கொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். கொடுக்க ஆள் இல்லை.

பன்னிரண்டு பத்துக்கு எண்ணுவது நின்றது.

கணினி ஒன்றரைக்கு எழும்பியது. கீர்த்திகா தகப்பன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். பதிவு இருந்தது. பக்கத்தில் 'மீளாய்வுக்கு' என்று ஒரு குறிப்பு. பழைய கொப்பிகளில் அடையாள அட்டை இலக்கம் இல்லாததால் எந்த ஆளோடும் சேராமல் நின்ற இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அதுவும் ஒன்று. திறப்பு விழாத் திகதி நெருங்கியபோது, அதைப் பிறகு பார்க்கலாம் என்றவர் நிர்வாக உத்தியோகத்தர் தம்பிராசா. சரி என்று தலையாட்டியவள் இவள்.

அந்தத் தம்பிராசா இப்போது கதவைச் சாத்திவிட்டு மேசையருகே வந்தார்.

"பழைய கொப்பியை எடுத்த இடத்திலயே வையும், பிள்ளை. சேர்வர் விழுந்ததுக்கு நாங்கள் பொறுப்பில்லை."

"அப்ப பழி டொக்டருக்குத்தானே, சேர்?"

"அவர் படிச்ச மனுசன். தன்னைப் பாத்துக்கொள்ளுவார். உமக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். யோசியும்."

அவர் போன பிறகும் கொப்பி மேசையில்தான் இருந்தது. வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு அடைக்கலநாதன் நின்றார். அழுது முடித்த முகம்.

"சிவப்பில எழுதினது இருக்குது, கவனம் எண்டு சொல்லித்தானே தந்தனான். நீங்கள்தான், எல்லாம் கணினியில இருக்கும், இனிக் காவித் திரிய வேண்டாம் எண்டனியள். அந்தக் கொப்பியைத் தாங்கோ, பிள்ளை. அவளின்ரை சவப்பெட்டிக்குள்ள வைக்கோணும்."

"தர ஏலாது, ஐயா. விசாரணை நடக்கும். அதுக்கு இது வேணும்."

"அண்டைக்கு வாங்கேக்க ஒரு துண்டுகூடத் தரேல்லை."

"ஓம், தரேல்லை."

கீர்த்திகா ஒரு தாளை இழுத்தாள். அடைக்கலநாதன் கத்தரீனா, கிளினிக் கொப்பி ஒன்று, பெற்றுக்கொண்டேன் என்று எழுதினாள். முதல் பக்கத்துச் சிவப்பு வரியை அப்படியே பார்த்துக் கீழே எழுதினாள். அதற்கும் கீழே: 'இந்தக் கொப்பியைத் தேடாமல், இவருக்கு ஒவ்வாமை ஒன்றும் இல்லையென்று காலை 11.15க்கு வாட்டுக்குச் சொன்னவள் நான்.' கையெழுத்து வைத்தாள். முத்திரை குத்தினாள்.

"இதில என்ன எழுதியிருக்கு, பிள்ளை?"

அவள் வாசித்துக் காட்டினாள். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அவர் கையை நீட்டி வாங்கினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, பெட்டிக்குச் சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.