பாலேடா, ஜாமா?

இங்கிலாந்தின் டெவனிலிருந்து பக்கத்து மாவட்டமான கார்ன்வாலுக்கு ஓர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் போதும். ஆனால் அந்த ஏப்ரலில் ஜில்லியனுக்கு அது வேறு தேசத்துக்குப் போவது போலத்தான் இருந்தது. அங்கே கட்டிக்கொடுத்த மகள் பெத்தனிக்கு இது நிறைமாதம். பேரக்குழந்தைக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட வேண்டும் என்று ஜில்லியன் தவியாய்த் தவித்தாள். காலியாக இருந்ததோ சம்பந்தி லவ்டேயின் தோட்டத்து வீடு ஒன்றுதான். லவ்டே பிடிகொடுக்கவில்லை. "முதல்ல வந்துட்டுப் போகட்டும், பார்க்கலாம்" என்றுவிட்டாள்.

"அம்மா, இங்க டீயோட ஸ்கோன் ரொட்டி கொடுத்தா முதல்ல ஜாம், அதுக்கு மேலதான் பாலேடு. நம்ம ஊர் மாதிரி பாலேட்டை முதல்ல தடவித் தொலைச்சிடாத" என்று ரயிலடியிலேயே பெத்தனி காதைக் கடித்தாள்.

"ஏன், போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பாங்களா?"

"அதைவிட மோசம். சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

கடலோரப் பாறைமேல் நின்ற இடிந்த கோட்டையை லவ்டே சுற்றிக் காட்டினாள். காட்டினாள் என்ன, ஓட ஓட விரட்டினாள். படிக்கு மேல் படி. காற்று தொப்பியைப் பிடுங்கியது.

"காத்து ஜாஸ்தியோ?"

"அருமையான காத்து!"

"படி கஷ்டமா இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

முழங்கால் உயிரை வாங்கியது. ஒன்றரைச் சுவரைக் காட்டி, "இதுதான் ராஜாவோட விருந்து மண்டபம்" என்றபோதும் ஜில்லியன் "அடடா!" என்றாள். லவ்டேயின் முகம் போகப்போகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

கீழே தேநீர்க்கடையில் மருமகன் ஜாகோ ஸ்கோன் தட்டை நகர்த்தி வைத்தான். சன்னலுக்கு வெளியே சரிவு முழுக்க மஞ்சள் பிரிம்ரோஸ். போன வருடம் போய்ச் சேர்ந்த கணவர் இந்தப் பூவைக் கண்டால் நடுரோட்டிலேயே காரை நிறுத்திவிடுவார். அந்த நினைப்பில் ஜில்லியனின் கை தன்பாட்டுக்கு ஸ்கோனைப் பிளந்து, பாலேட்டை வழிய வழியத் தடவி, அதன் தலையில் ஜாமை வைத்துவிட்டது.

பெத்தனி கண்ணை மூடிக்கொண்டாள். ஜாகோ கூரையை ஆராய்ந்தான்.

"போச்சு, எல்லாம் போச்சு" என்றாள் ஜில்லியன். வீடும் போயிற்று, பேரக்குழந்தையும் தூரமாயிற்று என்று அழுகையே வந்துவிட்டது.

"அப்பாடா!" லவ்டே மேசையைத் தட்டினாள். "காலையிலேர்ந்து எதைச் சொன்னாலும் மண்டைய மண்டைய ஆட்டுறீங்க. இப்படி ஒரு பொம்மைய பக்கத்துல குடிவச்சுட்டு நான் யார்கூடச் சண்டை போடுறது? நீங்க இப்ப பண்ணது மகா பாவம். ஆனா உங்க இஷ்டப்படி பண்ணது இது ஒண்ணுதான். இப்பவாவது சொல்லுங்க, எங்க கோட்டை எப்படி?"

ஜில்லியன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெறும் கல்லுக்குவியல். காத்துல காதே அடைச்சுப்போச்சு. படியேறி ஏறி முழங்கால் ரெண்டும் கழண்டுபோச்சு, சம்பந்தியம்மா."

லவ்டே தன் ஸ்கோனில் ஜாமைத் தடவி, ஜில்லியனின் கண்ணெதிரே அதன்மேல் பாலேட்டை ஏற்றி, நிதானமாக மென்று முடித்தாள்.

"தோட்டத்து வீட்டுல மாடி கிடையாது" என்றாள் பிறகு. "வாசல்லகூட ஒரு படி இல்ல."